திரையைக் கடந்த மாணவி

நுழையும் முன்

கோலார் தங்கவயலின் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர், மேற்படிப்புக்காகப் பெங்களூருக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ செல்கின்றனர். பழகிய வீதியையும் வீட்டாரின் துணையையும் பிரிந்து, அறியாத நகரில் கழிக்கும் முதற்சில வாரங்கள் எவருக்கும் கடினமானவை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மருத்துவம் கற்பதற்காகப் புதிய நகருக்குச் சென்ற பெண் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. அவர் எதிர்கொண்ட இடர்கள் எவை, அவற்றிலிருந்து பெற்ற பட்டறிவைப் பின்னாளில் எவ்வாறு பயன்படுத்தினார் என்பவற்றை மனத்திற்கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

ஒளி வந்த ஆண்டு

கோலார் தங்கவயல் உழைப்பால் எழுந்த ஊர். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. மண்ணுக்கடியில் மிக ஆழத்தில் பாறையைத் துளைத்து உழைத்தோர், பாறைத் தூசியைச் சுவாசித்தமையால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். பாறை வெடித்துச் சரிந்ததாலும் பலர் உயிரிழந்தனர். ஆதலின், மருத்துவரின் அருமையைத் தங்கவயல் மக்கள் நூல்களில் படித்து அறியவில்லை. தம் வீட்டுத் துன்பத்திலேயே கண்டு அறிந்தனர்.

1902 ஆம் ஆண்டு இவ்வூரின் வரலாற்றில் சிறப்புடையது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் ஆக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவைக் கம்பி வழியே கடந்து தங்கவயலை வந்தடைந்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில், தெற்கே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், வீட்டிலிருந்தவாறே பாடம் கற்ற பதினாறு வயதுப் பெண் ஒருவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் பெயர் முத்துலட்சுமி. பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு போற்றிய பெருந்தகை அவரே.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். இத்திருமணத்தை ஏற்காத உறவினர் நாராயணசாமியை ஒதுக்கி வைத்தனர். பிறப்பைக் காட்டி ஒருவரை விலக்கும் வழக்கத்தை முத்துலட்சுமி இளமையிலேயே தம் இல்லத்தில் கண்டார்.

பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. சலவைக் கணக்கும் பால் கணக்கும் எழுதும் அளவுக்குத் தமிழ் தெரிந்தால் மகளுக்குப் போதும் என்றே தந்தையும் முதலில் கருதினார். ஆனால், ஆசிரியர் தாமாகவே அச்சிறுமிக்கு ஆங்கிலமும் கற்பித்தார். மகளின் அறிவுக்கூர்மையைக் கண்ட தந்தை தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பருவம் எய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லுதல் வழக்கமில்லை ஆதலால், முத்துலட்சுமியின் கல்வி வீட்டிலேயே தொடர்ந்தது.

மெட்ரிகுலேஷன் தேறியபின் அவர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரி. பெண் ஒருத்தி வந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார், உதவித்தொகையும் வழங்கினார்.

அனுமதி கிடைத்தும் தடை முற்றிலும் நீங்கவில்லை. மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்ற முத்துலட்சுமி, வகுப்பறையில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். ஆசிரியரின் குரல் காதில் விழும். உடன் பயில்வோர் முகம் தெரியாது. ஐயம் தோன்றினால் அருகிருப்பவரைக் கேட்க வழியில்லை. இவ்வாறு பயின்றும் அவர் இன்டர்மீடியட் படிப்பை வெற்றியுடன் முடித்தார்.

சென்னை நோக்கி

1907 ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. புதுக்கோட்டைக்கு இரயில் பாதை வராத காலம் அது. சாலை வழியே வண்டியில் சென்று, பிறிதோர் ஊரில்தான் இரயில் ஏற வேண்டும். சிறிய சமஸ்தானத்தின் தலைநகரிலிருந்து ஒரு மாகாணத்தின் தலைநகருக்குச் சென்ற அப்பயணம், நில அளவில் மட்டுமன்றி வாழ்க்கை முறையிலும் நெடிய பயணமாகும்.

அவர் அடைந்த கல்லூரி தொன்மை வாய்ந்தது. 1835 ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1850 இல் கல்லூரி என்னும் தகுதி பெற்றது. பெண்களுக்குக் கதவு திறந்ததில் உலகின் பல கல்லூரிகளுக்கு அது முன்னோடி. 1875 இல் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூன்று பெண்களும் அங்கு மருத்துவம் பயிலச் சேர்ந்தனர்.

எனினும், கதவு திறந்திருத்தல் வேறு. உள்ளே சென்று நிலைத்திருத்தல் வேறு. 1878 இல் அக்கல்லூரியில் சேர்ந்த கிருபாபாய், பாடங்களில் சிறந்து விளங்கியும் உடல்நலம் குன்றியமையால் படிப்பை இடையிலேயே விட்டார். பின்னாளில் அவர் கிருபாபாய் சத்தியநாதன் என்னும் பெயரில் நாவலாசிரியராகப் புகழ் பெற்றார். வங்காளத்திலிருந்து உதவித்தொகை பெற்று வந்து அதே கல்லூரியில் பயின்ற அபலா தாஸும் உடல்நலக் குறைவால் மருத்துவப் படிப்பைக் கைவிட்டார். அறிவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸை மணந்த அபலா போஸ் இவரே.

கடல் கடந்து சென்றோர் நிலையும் எளிதாக இல்லை. மராட்டியப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி 1883 இல் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவில் மருத்துவம் கற்றார். கடுங்குளிரும் பழகாத உணவும் அவர் உடலை வாட்டின. 1886 இல் பட்டம் பெற்ற அவர், காசநோயால் மறு ஆண்டே, இருபத்திரண்டு வயது நிறையுமுன், உயிர் நீத்தார். ஆனந்திபாய் பட்டம் பெற்ற அந்த 1886 ஆம் ஆண்டில்தான் முத்துலட்சுமி பிறந்தார். முன்சென்ற இம்மூவருக்கும் அறிவிலோ முயற்சியிலோ குறையில்லை. புதிய இடத்தில் உடலும் உள்ளமும் தாங்கி நிற்பதே அவர்களுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. அச்சோதனை முத்துலட்சுமிக்கும் காத்திருந்தது.

மூன்று புதுமைகள்

மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்த முத்துலட்சுமிக்கு மூன்று புதுமைகள் எதிரே நின்றன.

முதலாவது, நகரம். புதுக்கோட்டையில் அவர் யாருடைய மகள் என்பதை ஊரே அறியும். அங்கு ஏச்சும் இருந்தது, ஆதரவும் இருந்தது. சென்னையிலோ அவரை அறிந்தவர் அரியர். துறைமுகமும் உயர்நீதிமன்றமும் டிராம் வண்டிகளும் கொண்ட அந்நகரில், கல்விக்காக வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு ஏற்ற தங்குமிடம் அமைவதே அரிதாக இருந்தது. எதிர்ப்புகளுக்கு இடையிலும் மகளைப் படிக்கவைத்த தந்தையின் ஊக்கமே அவருக்குப் பெருந்துணை.

இரண்டாவது, பாடம். மருத்துவக் கல்வியின் முதல் வாயில் உடற்கூறியல். உயிர் நீங்கிய உடலைக் கூறு கூறாகப் பிரித்து, எலும்பு, தசை, நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் மாணவர் அறிய வேண்டும். பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. ஒன்றை மறந்தால் அடுத்தது விளங்காது. பாடம் முழுதும் ஆங்கிலத்தில் நடைபெறும். அறுப்பு அறையின் மணமும் காட்சியும் முதல்நாளில் எவரையும் கலங்கச் செய்யும். வீட்டில் யாரேனும் இறந்தால் சடலத்தைத் தொட்டவர் நீராடி வரவேண்டும் என்னும் வழக்கமுள்ள குடும்பங்களிலிருந்து வந்தோருக்கு, நாள்தோறும் அவ்வறைக்குச் செல்வதே மனத்தளவில் ஒரு போராட்டம். உயிரோடிருப்பவரைக் காக்கும் அறிவை இறந்தவரின் உடல் தருகிறது என்னும் தெளிவு பிறந்த பின்னரே, மாணவர் மனத்தில் அருவருப்பு நீங்கி மரியாதை தோன்றும்.

மூன்றாவது, வகுப்பறை. புதுக்கோட்டையில் முத்துலட்சுமியை மறைத்த திரை அவருக்கு இழிவாக இருந்தது. ஆயினும், அது பிறர் பார்வையிலிருந்து காக்கும் அரணாகவும் இருந்தது. உடற்கூறு மேசையைச் சூழ்ந்து நின்று கற்கும் கல்வியில் திரைக்கு இடமில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கும் கல்வியிலும் அதற்கு இடமில்லை. ஆடவர் மிகப் பலராகவும் பெண்கள் மிகச் சிலராகவும் இருந்த கல்லூரியில், எல்லார் கண்முன்னும் நின்று பார்க்கவும் விடையளிக்கவும் வேண்டியிருந்தது. பெண்கள் தம் வகுப்பில் இருப்பதை விரும்பாத ஆசிரியரும் அங்கு இருந்தனர். பெண்ணொருத்தி தவறிழைத்தால் அது அவளுடைய தவறாக மட்டும் எண்ணப்படாது. பெண்குலத்தின் இயலாமையாகவே காட்டப்படும். இதனை முத்துலட்சுமி உணராதிருக்க இயலாது.

இம்மூன்று புதுமைகளையும் ஒரே நாளில் வெல்லும் வழி எதுவுமில்லை. நாள்தோறும் வகுப்புக்குச் செல்லுதல், அன்றைய பாடத்தை அன்றே கற்றல், மறுநாளும் தவறாது செல்லுதல் என்பனவே வழி. புறத்தார்க்கு இது வீரமாகத் தோன்றாது. ஆனால், புதிய இடத்தில் வேர் பிடிப்பது இவ்வாறே நிகழ்கிறது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடப்பட்ட பயிர் முதற்சில நாள்கள் வாடித் தலைசாயும். மண்ணைப் பற்றிய பின்னரே நிமிரும். முத்துலட்சுமியும் அவ்வாறு நிமிர்ந்தார்.

நிலைபெற்ற மாணவி

ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் கல்லூரியின் சிறந்த மாணவருள் ஒருவரானார். அறுவை மருத்துவத்தில் அவர் பெற்ற உயர்ந்த மதிப்பெண், பெண்களின் திறமையை ஐயுற்றவர்க்கு விடையாக அமைந்தது. பரிசுகளும் பதக்கங்களும் அவரைத் தேடி வந்தன.

சென்னை அவருக்குப் பாடநூல் அறிவை மட்டும் தரவில்லை. சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் முதலியோரின் தொடர்பு அவருடைய மாணவப் பருவத்தில் ஏற்பட்டது. அறிமுகமற்ற ஊராக இருந்த நகரம், அவருடைய பொதுவாழ்வின் களமாக மாறத் தொடங்கியது.

1912 ஆம் ஆண்டில் முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், எழும்பூரில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் பணியில் குறுக்கிடலாகாது என்னும் இரண்டையும் உறுதி செய்துகொண்ட பின்னரே அவர் இத்திருமணத்திற்கு இசைந்தார்.

1925 இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். நாடு திரும்பியபின் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்னும் சிறப்பைப் பெற்றார். மேலவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்கு வாதாடினார். 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது தம் பதவியைத் துறந்தார். எனினும், தேவதாசி முறைக்கு எதிரான பணியை அவர் விடவில்லை. அம்முறையைத் தடை செய்யும் சட்டம் 1947 இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

வாயிலில் வந்து நின்றவர்கள்

முத்துலட்சுமியின் வாழ்வில் 1930 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. தேவதாசி முறையிலிருந்து தப்ப விரும்பிய இளம்பெண்கள் சிலர், புகலிடம் தேடிச் சென்னையில் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களை மாணவியர் விடுதியில் சேர்க்க அவர் முயன்றார். அப்பெண்களின் பிறப்பைக் காரணமாகக் காட்டி விடுதியில் இடம் மறுக்கப்பட்டது.

புதிய நகரம், தங்க இடமில்லை, பிறப்பைச் சொல்லி விலக்கும் உலகம். இம்மூன்றும் முத்துலட்சுமிக்குப் புதியன அல்ல. மகாராஜா கல்லூரியின் திரையையும் உறவினர் ஒதுக்கிய தம் இல்லத்தையும் அவர் மறந்தாரல்லர். அப்பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கச் செய்து கல்விக்கும் வழி செய்தார். அவ்வாறு தொடங்கிய பணியே அவ்வை இல்லமாக வளர்ந்து, அடையாற்றில் நிலைபெற்றது. ஆதரவற்ற பெண்கள் பலர் அங்குத் தங்கிக் கல்வி கற்றுத் தம் காலில் நின்றனர்.

மற்றொரு துயரமும் அவர் பணிக்கு வித்தாயிற்று. 1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்க வேண்டும் என்னும் உறுதியை முத்துலட்சுமி நெஞ்சில் ஏற்றார். அவ்வுறுதி நிறைவேற முப்பது ஆண்டுகள் ஆயின. 1952 இல் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் பணியைத் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே பயின்ற டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். இன்று அது இந்தியா முழுவதும் அறியப்பட்ட மருத்துவ நிலையமாகும்.

1956 இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22 ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் பிறந்த நாள், தமிழ்நாட்டில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சாலையின் மறுபுறம்

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஊரில் வேலை குறைந்தமையால், கல்விக்காகவும் பிழைப்புக்காகவும் வெளியூர் செல்வோர் மிகுந்தனர். பங்காரப்பேட்டையில் இரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கும் மாணவர், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலையின் மறுபுறத்தில் அரசுப் பொது மருத்துவமனையைக் காண்பர். அதனை ஒட்டியிருப்பது சென்னை மருத்துவக் கல்லூரி. கையில் பெட்டியும் மனத்தில் தயக்கமுமாக அங்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் முன்பாக, 1907 இல் புதுக்கோட்டையிலிருந்து வந்த பெண் ஒருவர் அவ்வழியே நடந்திருக்கிறார்.

அவர் நிலைபெற்றதோடு நில்லாமல், தமக்குப்பின் வருவோருக்கு இடமும் அமைத்துத் தந்தார். புதிய ஊரில் முதல் வாரத்தைக் கடந்த மாணவர், அடுத்து வருபவருக்கு வழிகாட்டியும் உணவு விடுதியைச் சொல்லியும் உதவுவராயின், அதுவும் அப்பணியின் ஒரு சிறு பகுதியே ஆகும்.

சொற்பொருள்

சமஸ்தானம் – மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட நாடு
அரண் – பாதுகாப்பு
உடற்கூறியல் – உடலின் உறுப்புகளையும் அவற்றின் அமைப்பையும் பற்றிய அறிவியல்
நாற்றங்கால் – நாற்று வளர்க்கும் வயற்பகுதி
புகலிடம் – அடைக்கலம்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. முத்துலட்சுமி எந்த ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்?
2. அவர் மகாராஜா கல்லூரியில் சேர அனுமதி அளித்த மன்னர் யார்?
3. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எத்தனை படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது?

ஆ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. வகுப்பறைத் திரை முத்துலட்சுமிக்கு இழிவாகவும் அரணாகவும் இருந்தது எவ்வாறு?
2. கதவு திறந்திருத்தலுக்கும் உள்ளே நிலைத்திருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் வழி விளக்குக.
3. அவ்வை இல்லம் தோன்றிய சூழலை எழுதுக.

இ. செயல்பாடு
உம் குடும்பத்தில் அல்லது தெருவில், படிப்புக்காகத் தங்கவயலை விட்டு வெளியூர் சென்ற ஒருவரைச் சந்தித்து, அங்கு அவர் கழித்த முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.